பாண் ஓட்டோவில் போன ஒன்பது பதிவுகள்

திருகோணமலையில் என் குரலைப் பாணோடு சேர்த்து வாங்கியவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். சந்தையில் கண்டால் சிரிப்பார்கள். மரியாதை தெரிந்தவர்கள் சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். மீன்கடையில் ஒருவர் இருக்கிறார், "ரீச்சர், எத்தினையாவது?" என்று கேட்காமல் என் மீனை வெட்டியதே இல்லை. ஆகவே இந்தக் கதையை மறைப்பதில் பயன் இல்லை. நானே எழுதினால் கொஞ்சமாவது என் பக்கம் சாய்த்து எழுதலாம் என்ற நப்பாசையில்தான் எழுதுகிறேன்.

நாலு வருடத்துக்கு முந்திய கதை. அப்போது எனக்குக் கலியாணம் முடிந்து எட்டு மாதம். துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். (இப்போதும் அங்கேதான். அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் இடமாற்றம் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை.) தரம் ஒன்பது வகுப்பின் யன்னலால் பார்த்தால் கப்பல்கள் தெரியும். எந்தக் கப்பல் எப்போது வந்தது, எப்போது போகும் என்று என் மாணவர்கள் பிசகாமல் சொல்வார்கள். வேற்றுமை எத்தனை என்று கேட்டால் மட்டும் திரும்பவும் கப்பலையே பார்ப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் கொழும்பில் மூன்று நாள் செயலமர்வு ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். மொழிப்பாடத்தில் மாணவர்களைக் கொண்டு பொட்காஸ்ட் செய்விப்பது எப்படி என்பது விஷயம். பிள்ளைகள் தாங்களே ஒரு தலைப்பைத் தேர்ந்து, எழுதி, போனில் பேசிப் பதிவு செய்து, கேட்டுத் திருத்தி, ஊருக்குக் கேட்கக் கொடுக்கவேண்டும். வானொலி நிகழ்ச்சி மாதிரித்தான், நிலையம் மட்டும் கிடையாது. போகும்போது சாதாரண மனிசியாகப் போனேன். திரும்பி வரும்போது ஒரு துணிப்பை, ஒரு சான்றிதழ், ஒரு வியாதி மூன்றையும் கொண்டுவந்தேன்.

வந்த அன்றே வகுப்பில் பிரசங்கம்.

"பிள்ளையள், முதல் தரம் வாயில வாறது பேச்சு இல்லை, இருமல். பதிவு செய்யுங்கோ. கேளுங்கோ. வெக்கப்படுங்கோ. திருத்துங்கோ. திரும்பவும் பதிவு செய்யுங்கோ."

"எத்தினை தரம் ரீச்சர்?" என்று கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல்.

"சரிவருமட்டும்!" என்று கையை உயர்த்திச் சொன்னேன். கைதட்டல் வரும் என்று ஒரு கணம் நின்று பார்த்தேன். வரவில்லை. ஆனால் பிள்ளைகள் வேலையில் இறங்கிவிட்டார்கள். எழுதச் சொன்னால் பேனையைத் தொலைக்கிற பிள்ளைகள் பேசச் சொன்னதும் ஆள் மாறிவிட்டார்கள். ஒரு குழு, தங்களில் ஒருவனின் சித்தப்பா மீன் ஏலம் கூறும் வேகத்தை ஆராய்ந்தது. இன்னொரு குழு, எங்கள் நகரத் தெருக்களில் திரியும் மான்கள் எதையெல்லாம் தின்னும் என்று ஒரு நிகழ்ச்சி செய்தது. (விடை: கடதாசி, கத்தரிக்காய், கலியாண அழைப்பிதழ், ஒரு முறை பாடசாலை அதிபர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை.) உண்மையாகவே நல்ல தமிழ். கேட்டுவிட்டு ஆசிரியர் அறையில் தனியாக இருந்து சிரித்தேன்.

குறை ஒன்றே ஒன்று. கேட்க ஆள் இல்லை. இணையத்தில் ஏற்றிவிட்டு ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தால் பதினொரு பேர் கேட்டதாகக் காட்டியது. அதில் பத்து நான். பாடசாலையிலிருந்து, வீட்டிலிருந்து, பஸ்ஸிலிருந்து என்று நானே கேட்டது. பதினோராவது என் கணவர். அவரும் பாதியில் நித்திரையாகிவிட்டார். "பரீட்சைக்கு ஒலி வராது ரீச்சர்" என்று அதிபர் இதமாகச் சொன்னார். அவர் இதமாகச் சொன்னால் பயப்படவேண்டும்.

அப்போதுதான் ஹஸ்னா கையை உயர்த்தினாள். வகுப்பிலேயே தெளிவான குரல் அவளுடையது. அவளுடைய தகப்பன் நௌபர் நானா எங்கள் பக்கத்துச் சின்னச் சின்ன ஒழுங்கைகளில் பாண் ஓட்டோ ஓட்டுகிறவர். பாண் ஓட்டோ என்றால் தெரியும்தானே, பின்னால் கண்ணாடிப் பெட்டி, உள்ளே பேக்கரியில் சுட்ட பாண், பணிஸ், மீன் அடைத்த மாலுபாண், மேலே ஒரு ஒலிபெருக்கி, அது பாடும் மெட்டைக் கேட்டுத்தான் சனம் வெளியே வரும். நானாவின் பெட்டியில் மெட்டு பழுதாகி, முதல் மூன்று சுரத்துக்குப் பிறகு கொக்கரிக்கத் தொடங்கியிருந்தது. சின்னப் பிள்ளைகள் பயந்து அழுதார்களாம்.

"டீச்சர், எங்கட நிகழ்ச்சிய வாப்பாட ஓட்டோவில போடலாமா?"

நானாவைப் பாடசாலை வாசலில் கண்டு கேட்டேன். "எனக்கு ஒரு சத்தம் வேணும் டீச்சர், அவ்வளவுதான். பாட்டெண்டாலும் சரி, பாடமெண்டாலும் சரி" என்றார்.

இப்படித்தான் பாண் வானொலி பிறந்தது. இரண்டு கிழமை அது ஓடிய ஓட்டம் இருக்கிறதே! மீன் ஏலத்தைக் கேட்டுக்கொண்டு சனம் மாலுபாண் வாங்கியது. பிள்ளைகள் தங்கள் குரல் தெருவில் போவதைக் கேட்டு மதிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று சிவந்தார்கள். அதிபரே ஒரு பணிஸை வாங்கிவைத்துக்கொண்டு மான் நிகழ்ச்சியை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் போனாராம். எனக்குத் தலைக்கனம் ஏறி, கழுத்து நோகிற அளவுக்கு வந்துவிட்டது.

இனி வீட்டு நிலவரம். நாங்கள் இருந்தது கணவரின் தாயார் வீட்டில். மாமி தபாற் கந்தோரில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மாமா நான் வருமுன்பே போய்விட்டார். மாமி கெட்டவர் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் இதை அவரும் வாசிப்பார். ஆனால் குசினி ஒன்று, பெண்கள் இரண்டு. நான் உப்புப் போத்தலை இடப்பக்கம் வைத்தால் அது பின்னேரம் வலப்பக்கம் இருக்கும். நான் காலையில் தேங்காய்ப்பாலில் சொதி வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போவேன். திரும்பி வந்து பார்த்தால் சட்டியில் வேறு சொதி இருக்கும். நிறம் வேறு, வாசம் வேறு. ஒருவரும் ஒன்றும் கதைப்பதில்லை. நானும் கேட்பதில்லை. எட்டு மாதம் இப்படியே இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு திரிந்தோம்.

இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு சின்ன வீடு வாடகைக்கு வந்தது. எனக்கும் கணவருக்கும் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதற்கு முன் மாமியிடம் சொல்லவேண்டும். ஒற்றை மகன் தனியே போகிறான் என்பதை, தனியே இருக்கும் தாயிடம், மனம் முறியாமல் யார் சொல்வது?

"நீர் தமிழ் ரீச்சர். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளையளைப் பழக்கிறனீர். நீர்தான் சொல்லவேணும்" என்றார் கணவர். (இந்த மனிதருக்குத் துறைமுகத்தில்தான் வேலை. மலை மாதிரிக் கப்பல்களுக்கு எங்கே கட்டவேண்டும் என்று கட்டளை கொடுக்கிறவர். தாய்க்கு முன்னால் நின்றால் வாய் திறக்க ஏலாது.)

எனக்கா முறை தெரியாது? கரும்பலகையில் எழுதிப்போட்டவளே நான்தானே. பதிவு செய், கேள், வெட்கப்படு, திருத்து.

புதன்கிழமை பின்னேரம் மாமி கோயில் மாதர் கூட்டத்துக்குப் போன கையோடு போனை எடுத்தேன். எதிரொலி இல்லாமல் பதிவு செய்யத் துணிகளுக்கு நடுவே பேசவேண்டும் என்று செயலமர்வில் படிப்பித்திருந்தார்கள். வீட்டிலேயே பெரிய அலுமாரி மாமியுடையது. கதவைத் திறந்து, பூச்சியுருண்டை மணக்கும் சீலைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது பதிவு செய்தேன். ஒலி என்றால் ஒலி! ஒரு எழுத்துச் சிதறவில்லை. ஒன்பதாவதைப் பாடமாக்கி சனிக்கிழமை சொல்வதாகத் தீர்மானித்து, சீலைகளை மடித்து வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகப் போய்த் தேநீர் ஊற்றினேன்.

மறுநாள் வியாழக்கிழமை. வழக்கமாக ஹஸ்னா நிகழ்ச்சிகளை ஒரு பென் டிரைவில் வாப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள். அன்று அந்தப் பென் டிரைவ் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியில் சம்பலுக்குள் விழுந்து காலமாகிவிட்டது. பாடசாலை விட்ட நேரம், வாசலில் நானா எஞ்சினை நிறுத்தாமல் நிற்கிறார். எனக்கு ஆசிரியர் கூட்டத்துக்கு மணி அடித்துவிட்டது. அவசரத்தில் என் போனிலிருந்த மெமரி காட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தேன்.

"இதில பிள்ளையளின்ட நிகழ்ச்சி இருக்கு நானா. பின்னேரச் சுத்து முடிய ஹஸ்னாட்டக் குடுத்துவிடுங்கோ."

அதில் பிள்ளைகளின் நிகழ்ச்சி இருந்தது உண்மைதான். ஆனால் நானாவின் பெட்டிக்கு நிகழ்ச்சி எது, ஒத்திகை எது என்ற பேதம் தெரியாது. உள்ளே என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் வரிசையாகப் பாடிவிட்டுத்தான் ஓயும்.

நாலரை மணிக்குக் கூட்டம் முடிந்து, திருத்தவேண்டிய கட்டுரைக் கொப்பிகளைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வருகிறேன். சந்தியில் திரும்பும்போது தூரத்தில் ஒரு பெண்குரல் கம்பீரமாகக் கேட்டது.

"பெருமதிப்பிற்குரிய மாமி அவர்களே!"

யாரோ பாவம், மாமியாருக்கு மேடைப்பேச்சுப் பேசுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். உச்சரிப்பு நன்றாக இருக்கிறதே, யார் படிப்பித்த பிள்ளை என்றுகூட யோசித்தேன். "தங்கள் இல்லத்தில் நான் அடியெடுத்து வைத்து எட்டுத் திங்கள் கடந்துள்ள இவ்வேளையில்..." என்று வந்ததும் கால் அப்படியே நின்றுவிட்டது. எட்டுத் திங்கள். அது என் எட்டுத் திங்கள்.

ஓடினேன். சீலை கட்டிக்கொண்டு, முப்பத்தைந்து கொப்பிகளைச் சுமந்துகொண்டு ஓடுவதை ஓட்டம் என்று சொல்வதும் தப்பு. முதல் ஒழுங்கைக்குப் போனபோது ஓட்டோ இரண்டாவதில் நின்றது. இரண்டாவதுக்குப் போனபோது இரண்டாம் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அதில் நான் தேனொழுகப் பேசியிருந்தேன். "மாமி, நீங்கள் எனக்குத் தாய்க்கும் மேல. கடவுளுக்குக் கொஞ்சம்தான் கீழ." ஓட்டோவைச் சுற்றி நல்ல கூட்டம். பாண் வாங்கி முடித்தவர்களும் போகவில்லை.

"என்னக்கா நடக்குது?" என்று மூச்சு வாங்க ஒரு பெண்ணைக் கேட்டேன்.

"புது நாடகம் பிள்ளை. மருமகள் தனிக்குடித்தனம் போகப்போறாளாம். மாமியாரைப் பேய்க்காட்டுறாள், பாருங்கோ குரலை!" என்று சொன்னவர், என் முகத்தைப் பார்த்தார். ஒலிபெருக்கியைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். "ஐயோ, ரீச்சர்!" என்று பாணால் வாயைப் பொத்தினார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு நானாவிடம் போகப் பார்த்தேன். முடியவில்லை. "நானா! நிகழ்ச்சிய நிப்பாட்டுங்கோ! அது வேற!" என்று கத்தினேன். நானா சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார்.

"டீச்சர்! மாசா அல்லாஹ், இண்டைக்கு மாலுபாண் எல்லாம் முடிஞ்சிட்டு! ஒங்கட நாடகத்தக் கேக்க முதல் ஒழுங்கச் சனமும் பின்னால வருது! மத்தப் பாகம் அடுத்த ஒழுங்கையில!" என்று சொல்லிவிட்டு, சத்தத்தை இன்னும் கூட்டி, ஓட்டோவை எடுத்தார்.

அடுத்த ஒழுங்கை எங்கள் ஒழுங்கை.

குறுக்கே ஒரு வீட்டு வளவுக்குள்ளால் ஓடி, கொடியில் காய்ந்த, யாரோ இடுப்பில் கட்டும் சாரத்தைத் தலையில் சுமந்துகொண்டு மறுபக்கம் வெளியே வந்தேன். எங்கள் வீட்டுப் படலைக்கு நேரே ஓட்டோ நின்றது. நானா வேண்டுமென்று நிறுத்தவில்லை. முன்னால் ஒரு மான், நடுத்தெருவில், அசைவேனா என்று நின்றது. பின்னால் இரண்டு ஒழுங்கைச் சனம். படலையில் மாமி, கையில் பாண் கூடை.

மூன்றாம் பதிவு தொடங்கியிருந்தது. கோபப் பதிவு.

"நான் வைச்ச சொதியை நீங்கள் நாய்க்கு ஊத்திப்போட்டு வேற சொதி வைக்கிறது எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறீங்களோ? உப்புப் போத்தலுக்குக் கால் முளைச்சிருக்கோ? உங்கட மீன்குழம்பில இருக்கிற புளிக்கு எங்கட ஊர்ப் புளியமரமே காணாது!"

சனம் "ஆ!" என்றது. அப்போதுதான் நானாவுக்கு விஷயம் விளங்கியது. மாமியைப் பார்த்தார், சாரமும் நானுமாக நின்ற கோலத்தைப் பார்த்தார், முகம் மாவாகிவிட்டது. "யா அல்லாஹ்!" என்று பெட்டியை நிறுத்தப் பாய்ந்தார். அந்தப் பெட்டியின் பொத்தான் எப்போதோ உடைந்துபோனது. குறட்டால் பிடித்துத்தான் திருகவேண்டும். குறடு ஆசனத்துக்குக் கீழே. ஆசனத்தின் மேல் பாண் தட்டு. அவர் தட்டை இறக்க, நான் உதவிக்கு ஓட, மாமியின் குரல் கேட்டது.

"நிப்பாட்டாதேங்கோ தம்பி. எனக்குத்தானே வந்தது. நான் கேக்கிறன்."

தபாற் கந்தோரில் யன்னலுக்குப் பின்னால் இருந்த குரல் அது. நானா குறட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

மாமி படலையில் சாய்ந்து நின்று கேட்டார். நானும் கேட்டேன், வேறு வழி? நாலாம் பதிவில் அழுதபடி பேசத் தொடங்கி, நடுவில் சேவல் கூவ, "சூ! சனியன்! ஆர் உன்னைக் கேட்டது!" என்று கத்திவிட்டு, அதே மூச்சில் திரும்பவும் விம்மினேன். ஐந்தாம் பதிவில் பழி முழுவதையும் கணவர் தலையில் கட்டினேன். ஆறாவதில் கடற்காற்று என் நெஞ்சுக்கு ஒத்துவரவில்லை என்றேன். (நான் பிறந்தது வெருகலில், கடல் பக்கத்தில். பார்த்த வீடு மாமி வீட்டைவிடக் கடலுக்குக் கிட்ட.) ஏழாவது பேச்சே இல்லை. ஆசிரியை மாணவிக்குப் புள்ளி போடுகிறாள். "உணர்ச்சி கூடிப்போச்சு. ஏற்ற இறக்கம் போதாது. பொய் தெரியுது. பத்துக்கு நாலு." கூட்டத்தில் யாரோ, "நாலு குறைவு, அஞ்சு குடுக்கலாம்" என்றார்கள். எட்டாவதை இங்கே எழுதமாட்டேன். அதில் நான் மாமி மாதிரியே குரலை மாற்றி, மாமி சொல்லக்கூடிய பதில்களையும் நானே நடித்திருந்தேன். நன்றாகவே நடித்திருந்தேன். அதுதான் பிரச்சினை. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தக் குழப்பத்தில் மான் ஒரு றாத்தல் பாணை இழுத்துக்கொண்டு போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

பிறகு ஒன்பதாவது வந்தது.

"மாமி, எங்களுக்குத் தனிய ஒரு வீடு வேணும். உங்களோட கோவம் இல்லை. எனக்கெண்டு ஒரு குசினி வேணும். அதில ஒருத்தரும் பாக்காம நான் பிழை விடவேணும். கருக்கவேணும். எட்டு மாசமா நான் உங்கட வீட்டில சோதனை எழுதிறமாதிரிச் சமைக்கிறன்..."  பிறகு மெல்லிய குரலில், "போனாப் பிறகு மாமி ஆருக்குச் சமைப்பா? தனிய இருந்து சாப்பிடுவாவோ? நான் இப்பிடி ஒரு கதையைச் சொல்ல வாயெடுக்கிறனே, எனக்கு என்ன நெஞ்சு..." அதற்குப் பிறகு அழுகை. கடைசியாகப் பலமாக மூக்குச் சீறும் சத்தம், பின்னாலேயே மாமியின் அலுமாரிக் கதவு கிறீச்சிடும் சத்தம்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அந்த அமைதிக்குள் பெட்டி தன் கடமையைத் தொடர்ந்தது: "வணக்கம்! இது தரம் ஒன்பது மாணவர்களின் பாண் வானொலி. இன்றைய தலைப்பு, எங்கள் நகரத்து மான்கள்!"

மாமி ஒரு றாத்தல் பாண் வாங்கினார். "வா பிள்ளை, உள்ளுக்கு" என்றார். நான் சாரத்தைக் கொடிக்குச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனேன்.

உள்ளே போய்க் கதிரையில் இருந்தார். நான் நின்றேன். அதிபர் அறையில் நிற்கிற பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"எந்தச் சீலையில மூக்குத் துடைச்சனீ?"

"அந்த... நாவல் நிறம், மாமி."

"அது உன்ட கலியாணத்துக்கு எடுத்தது." பாணை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "முப்பது வருசம் கந்தோரில இருந்தனான். ஆற்றயும் கடிதத்தைப் பிரிச்சுப் பாத்தவள் இல்லை நான். கண் முன்னால கிடக்கும், பாக்கமாட்டன். இண்டைக்கு எனக்கு வந்த கடிதத்தை ரெண்டு ஒழுங்கை பிரிச்சு வாசிச்சுப்போட்டுத்தான் எனக்குத் தந்தது. கடைசியா வாசிச்ச ஆள் நான்."

எனக்கு அந்த இடத்தில்தான் உண்மையாகவே செத்துவிடலாம் போலிருந்தது. தெருவில் பட்ட வெட்கம் ஒரு வெட்கமே இல்லை. இவருடைய மனம் முறியக்கூடாது என்றுதானே ஒன்பது தரம் அலுமாரிக்குள் தலையை விட்டேன். இவரை மட்டும் கடைசியில் நிறுத்திவிட்டேனே.

"மாமி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் வேணுமெண்டு..."

"அதை விடு. இப்ப சொல்லு. போன் இல்லாம, அலுமாரி இல்லாம. என்ட முகத்தைப் பாத்துச் சொல்லு."

ஒன்பது பதிவிலும் இருந்த ஒரு சொல்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. 

"எங்களுக்குத் தனி வீடு வேணும் மாமி. போகட்டோ?"

"போங்கோ" என்றார் மாமி.

அவ்வளவுதான். நான் அழத் தொடங்கினேன். மாமி தன் சீலைத் தலைப்பை என் பக்கம் எட்டாமல் இழுத்துக்கொண்டார்.

"நான் நாய்க்கு ஊத்தேல்ல" என்றார் பிறகு, கொஞ்சம் கோபமாக. "உன்ட சொதியை ஒரு நாளும் நாய்க்கு ஊத்தேல்ல. நான்தான் குடிச்சனான். உப்பில்லாம, உறைப்பில்லாம, எட்டு மாசம் நான்தான் குடிச்சனான். பிறகுதான் மகனுக்கு வேற வைச்சனான். சொன்னா நீ நோவாய் எண்டு சொல்லேல்ல. சொல்லிப் பாத்தனான், கண்ணாடிக்கு முன்னால நிண்டு. 'பிள்ளை, உப்பைக் கொஞ்சம் கூடப் போடு' எண்டு. ஒரே ஒரு வசனம். வாய் வரேல்ல."

அலுமாரிக் கதவின் உட்பக்கம்தான் அந்தக் கண்ணாடி இருக்கிறது. ஒரே அலுமாரியில் நான் துணிகளுக்குள்ளும் மாமி கண்ணாடி முன்னுமாக ஒத்திகை பார்த்திருக்கிறோம். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் யார் சிரித்தது என்று இன்றைக்கும் சண்டை. நான் அவர் என்கிறேன், அவர் நான் என்கிறார். கணவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் குசினித் தரையில் இருந்து, வெறும் பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம். "என்ன நடந்தது?" என்றார் பயந்தபடி. "உன்ட யோசினையாமே, தனிக்குடித்தனம்? அஞ்சாவதில கேட்டனான்" என்றார் மாமி. மனிதர் கால் கழுவாமலே திரும்பித் தெருவுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரருக்குப் பதில் சொன்னோம். வீடு குடிபுகும் அன்று முதல் ஆளாக வந்து பால் காய்ச்சியது மாமிதான். நானாவின் ஓட்டோவுக்கு அவசரமாகப் புது மெட்டுப்பெட்டி பூட்டினார்கள். ஆனால் சனம் விடவில்லை, "அந்த மருமகள் நாடகத்தின்ட மிச்சம் எங்க?" என்று அவரைப் போட்டுக் குடைந்ததாம். தரம் ஒன்பதில் நான் "பதிவு செய்யுங்கோ, கேளுங்கோ" என்று வாயெடுத்தால் வகுப்பு முழுக்க இருமல் வந்தது. ஆனாலும் பொட்காஸ்டை நான் விடவில்லை. இப்போதும் ஒவ்வொரு தவணையும் செய்கிறோம். அதிபர் எனக்கு ஒரு புதுப் பென் டிரைவ் வாங்கித் தந்திருக்கிறார். மெமரி காட்டை வாசலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று இதமாகவும் சொல்லியிருக்கிறார்.

மாமியும் நானும் இப்போது எதையும் நேரே கதைக்கிறோம். ஆனால் ஒரு வினை. "மாமி, ஒரு விஷயம்" என்று நான் தொடங்கினால் போதும், "நானாட்டக் குடுத்து அனுப்பு பிள்ளை, பாணோட சேத்து வாங்கிறன்" என்பார். நோய், நொடி, நல்லது, கெட்டது எதற்கும் இதுதான் பதில். குடும்பத்தில் எல்லோரும் பழகிவிட்டார்கள். கணவரின் மச்சாள் ஒருத்தி கனடாவிலிருந்து போன் எடுத்தாலும் முதலில், "நேரே சொல்லவோ, பாணில அனுப்பவோ?" என்றுதான் கேட்கிறாள்.

போன வருடம் ஒரு நாள் காலையில் மருத்துவரிடம் போய்விட்டு, கால் நிலத்தில் படாமல், நேரே மாமி வீட்டுக்குப் போனேன். மாமி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வாயெல்லாம் சிரிப்பு.

"மாமி, ஒரு விஷயம் சொல்லவேணும்."

தலையை நிமிர்த்தவில்லை. "நானாட்டக் குடுத்து அனுப்பு. பின்னேரம் கேக்கிறன்."

"நீங்கள் அப்பம்மா ஆகப்போறீங்கள்."

கத்தி தட்டில் விழுந்தது. மாமி எழும்பினார். என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று கையை விரித்தேன். அவர் என்னைத் தாண்டிப் படலைக்கு ஓடினார். காலைச் சுற்று முடிந்து நானா வெறும் தட்டோடு போய்க்கொண்டிருந்தார். "தம்பி! நில்லுங்கோ! உங்கட பெட்டியில கதைக்க ஏலுமோ?" என்று மாமி கேட்டதும், நானா ஒலிவாங்கியைக் கையில் கொடுத்ததும், நான் "மாமி, வேண்டாம்!" என்று ஓடியதும் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது.

கணவருக்கு அன்று துறைமுகத்தில் பெரிய கப்பல் ஒன்று. போன் அணைத்து வைத்திருந்தார். பின்னேரம் வீட்டுக்கு வரும் வழியில் மூன்று ஒழுங்கைச் சனமும் கைகொடுத்து வாழ்த்த, ஏன் என்று தெரியாமலே எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தார். அந்தக் கடிதத்தைக் கடைசியாக வாசித்த ஆள் அவர்தான்.